முதல்ல தரை, அப்புறம்தான் கலர்: பழைய கார் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணே, எங்க தாத்தா வாங்கின ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 2, அவர் போனதுக்கப்புறம் மாட்டுக் கொட்டாய்லயே கிடக்குது. மேலாப்ல பாத்தா பரவால்ல, உள்ள கால் மேட்டைத் தூக்கினா தரை தெரியுது, கார் தரை இல்லண்ணே, கொட்டாய் தரை. எங்க ஊர் டிங்கர் "தகரம் வச்சு ஒட்டி, பட்டி பூசிப் பள்ளத்தை நிரப்பி, டியூகோ பெயிண்ட் அடிச்சா பொங்கலுக்கு ஓட்டிரலாம்"ங்கறார். நம்பலாமா?
— வாசகர், மதுராந்தகம்

பதில்: தம்பி, டிங்கர் கெட்ட எண்ணத்துல சொல்லல, ஆனா அவர் சொல்ற வரிசைல போனீங்கன்னா அடுத்த ஐப்பசி மழைக்கே பெயிண்டுக்கு அடியில கொப்புளம் கிளம்பிரும். பழைய கார்ல துரு பெரும்பாலும் உள்ள தண்ணியும் சேறும் தங்கின இடத்துல ஆரம்பிச்சுத்தான் வெளிய வருது, நீங்க பாக்குறது ஒரு ரூபா காசு அளவு ஓட்டைன்னா அதுக்குப் பின்னால சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அரிச்சிருக்கும். அதனால கையில இருக்கிற காசு முதல்ல கீழ போகணும். கண்ணுக்குத் தெரியுற வேலையெல்லாம் கடைசி.

அதுக்கும் முன்னாடி ஆர்.சி., அதான் வண்டியோட பதிவுச் சான்று, எங்க இருக்குன்னு பாருங்க. சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் அதோட ஒத்துப்போகுதா, தாத்தா பேர்லயே இருந்தா வாரிசுக்கு மாத்தியாச்சா, இதெல்லாம் முடியாம வெல்டிங் மெஷினை ஆன் பண்ணாதீங்க. லட்சக்கணக்குல கொட்டி வண்டியை ரெடி பண்ணிட்டு பேப்பர் இல்லாம ஷெட்டுக்குள்ளயே வச்சுப் பாத்துக்கிட்டிருக்கிற ஆளுங்க நிறைய.

ஹெரால்டுல உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. நம்ம வண்டலூர்ல ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961லருந்து 71 வரைக்கும் செஞ்ச வண்டி இது, வடிவம் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி போட்டது, இன்ஜின் 948 சிசி. இதுல சேசிஸ் தனி, பாடி தனி. அம்பாசடர், பத்மினியில பாடியே சேசிஸ் வேலையும் பாக்கும், இதுல அப்படி இல்ல. பாடி பகுதி பகுதியா போல்ட்டுல முடுக்கினது, பானெட்டும் ரெண்டு பக்க மட்கார்டும் ஒண்ணா முன்னால கவுந்துரும், முன் டயர் மேல உக்காந்துக்கிட்டே இன்ஜின் வேலை பாக்கலாம், அந்த சுகம் வேற எந்தப் பழைய வண்டியிலயும் எனக்குக் கிடைச்சதில்ல. அதனால தரை உளுத்ததுக்குக் கவலைப்படாதீங்க, சேசிஸ் உளுத்திருந்தாத்தான் பயம். வண்டியை ஸ்டாண்டுல ஏத்திட்டு (வெறும் ஜாக்கியை நம்பி கீழ படுக்காதீங்க) சேசிஸ்லருந்து ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி வந்து பாடியைத் தாங்குற இரும்பை பழைய ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. டங்குன்னா தப்பிச்சீங்க, பொத்துன்னு உள்ள போச்சுன்னா அந்தப் பீஸை மாத்தணும். பின்னால குறுக்கால லீஃப் ஸ்பிரிங் உக்கார்ற இடத்தையும் விடாதீங்க. பாடிக்கு ஒரு காந்தத்தை மெல்லிசு துணில சுத்தி ஓட்டிக்கிட்டே வாங்க, ஒட்டாம வழுக்குற இடமெல்லாம் அந்தக் காலத்து பட்டி.

தரையை வெட்டுறதுக்கு முன்னாடி கதவு வாசலுக்குக் குறுக்கால இரும்பு ஆங்கிள் வச்சு அங்கங்க புள்ளி வெல்டிங் (டேக்) அடிச்சிருங்க, பாடி வளையாது, ஒரு பக்கம் முடிச்சு கதவு ஒழுங்கா சாத்துதான்னு பாத்துட்டு அடுத்த பக்கம் போங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வெட்டிட்டு அப்புறம் கதவு ஏன் சாத்தலன்னு தலையைச் சொறியுறது நம்மூர் ஷெட்டுல அடிக்கடி நடக்குது. 20 கேஜ் தடிமன் தகடு போதும். நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி, விளிம்புக்கு விளிம்பு வச்சு வெல்டிங் பண்ணச் சொல்லுங்க. பழைய தகரத்து மேல புதுத் தகரத்தை ஏத்தி ஒட்டினா நடுவுல தண்ணி நிக்கும், துரு மறுபடியும் அங்கேயே குடியேறும். கேஸ் வெல்டிங்ல சூடு பரவி தகடு நெளியும், மிக் வெல்டிங்ல (கம்பி தானா வர்ற கரண்ட் வெல்டிங்) புள்ளி புள்ளியா இடம் மாத்தி மாத்தி வச்சா நெளியாது. சுத்தம் பண்ணின இரும்புக்கு அன்னிக்கே எபாக்சி பிரைமர், நம்ம ஊர் காத்துக்கு ஒரு ராத்திரி வெறும் இரும்பா விட்டாக்கூட காலைல மஞ்சப் பூத்துரும். வெறும் ரெட் ஆக்சைடை நம்பி மாசக்கணக்கா விடாதீங்க, அது ஈரத்தை உள்ள விடும். பட்டி அதுக்கு மேல மெல்லிசா. கடைசியா பெட்டி மாதிரி மூடின இடங்களுக்குள்ள மெழுகு ஸ்ப்ரே, கதவுக்கு அடியில தண்ணி வடியுற ஓட்டையெல்லாம் குத்தித் திறந்து விடணும். இதை மறந்தா மத்த வேலையெல்லாம் வீண்.

பொங்கலுக்கு ஓடாது தம்பி. எந்தப் பொங்கல்னு டிங்கர் சொல்லாத வரைக்கும் அவர் சொன்னதும் பொய்யில்ல.

கேள்வி: சின்னச் சின்ன பார்ட்ஸ்ல இருக்கிற துருவை எடுக்க கோலாவுல ஊறப் போடுன்னு ஒருத்தர், வினிகர்னு ஒருத்தர், கரண்ட் குடுன்னு ஒருத்தர். எது சரி?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: மூணும் வேலை செய்யும். கோலாவுல இருக்கிற பாஸ்பாரிக் ஆசிட் கொஞ்சூண்டு, அதுக்கு அந்தக் காசுல கடைல துருவை மாத்துற மருந்தே (துரு கன்வெர்ட்டர்) வாங்கிரலாம். வினிகர் போல்ட்டு, பிராக்கெட்டுக்கு நல்லது, ஆனா மறந்து விட்டுட்டா நல்ல இரும்பையும் திங்கும்.

கரண்ட் முறை எனக்குப் பிடிச்சது. பிளாஸ்டிக் டிரம்முல தண்ணி, நாலு லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கணக்குல சலவை சோடா. பேட்டரி சார்ஜரோட மைனஸ் உங்க பார்ட்டுல, பிளஸ் ஒரு வேண்டாத இரும்புத் துண்டுல, ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது. மாத்திக் குடுத்தீங்கன்னா உங்க பார்ட்டு கரைஞ்சு போகும், அதனால ரெண்டு தடவை பாத்துக்கோங்க. எவர்சில்வர் கரண்டியைப் பிளஸ்ல மாட்டாதீங்க, அதுலருந்து வர்ற குரோமியம் விஷம். ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அதனால வெட்டவெளியில வச்சுச் செய்யுங்க, பீடி சிகரெட்டு கிட்ட வரக்கூடாது. ஸ்பிரிங்கு, சஸ்பென்ஷன் போல்ட்டு மாதிரி கடினமான ஸ்டீலுக்கு இது வேண்டாம், உள்ள நொய்ஞ்சு பிறகு திடீர்னு உடையும். வெளிய எடுத்து கழுவி, காய வச்சு, உடனே பிரைமர்.

கேள்வி: பம்பர் குரோம் போயிருச்சு. சில்வர் ஸ்ப்ரே அடிக்கலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: அதுக்கு பம்பரையே கழட்டி வச்சுட்டு ஓட்டலாம். பாலிஷ் பண்ணி, செம்பு, நிக்கல், அதுக்கு மேல குரோம்னு வரிசையா முலாம் போடுற ஆளைத் தேடுங்க. அடியில பாலிஷ் சரியில்லன்னா மேல எவ்வளவு குரோம் போட்டாலும் ஒவ்வொரு குழியும் கண்ணாடி மாதிரி காட்டிக்குடுக்கும்.

கேள்வி: சார், என்கிட்ட 1974 பத்மினி இருக்கு. மேட் பிளாக் அடிச்சு, மாருதி இன்ஜின் ஏத்தி, ஃப்ளோர் கியர் வச்சு கெத்தா பண்ணிட்டு அப்புறம் வின்டேஜ் நம்பர் பிளேட் வாங்கலாம்னு பிளான். ஐடியா எப்படி?
— வாசகர், திருச்சி

பதில்: ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும். 2021 ஜூலைல வந்த விதிப்படி முதல் ரெஜிஸ்ட்ரேஷன் ஆகி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 'விஏ' எழுத்து போட்ட நம்பர் தருவாங்க, உங்க வண்டிக்கு வயசு ஆச்சு. ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெருசா கை வச்சிருக்கக்கூடாது. அதோட அந்த நம்பர்ல தினமும் ஆபீஸ் போக முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸுக்குன்னு மட்டும்தான். சாதா நம்பரோடயே இருந்தாலும் இஷ்டத்துக்கு மாத்த முடியாது, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்கு, கம்பெனி செஞ்ச அமைப்பை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. கலர் மாத்தினாக்கூட ஆர்.சி.ல ஏத்தணும்.

என் கருத்தைக் கேட்டா, ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கிற அந்தக் கை கியரைப் புடுங்கிட்டா பத்மினில என்னய்யா மிச்சம்? அந்தக் குட்டி 1089 சிசி இன்ஜினை ஒழுங்கா ஓவர்ஹால் பண்ணினாலே போதும். கெத்து வேணும்னா ரெண்டு கலர் அடிங்க, மேல கிரீம், கீழ நீலமோ மெரூனோ, பக்கவாட்டுல ஓடுற பீடிங் பட்டைல கலர் பிரியட்டும், பின்னால அந்தச் சின்ன வால் தனியா எடுத்துக் காட்டும். வெள்ளை வளையம் போட்ட டயர், மர ஸ்டீயரிங் எல்லாம் ஓகே. ஹெட்லைட்டுக்கு ரிலே வைங்க, அது பேட்டரிலருந்து நேரா லைட்டுக்குக் கரண்ட் விடுற சுவிட்ச், பழைய வயரிங்ல முழு கரண்டும் சுவிட்ச் வழியாவே போகுது, அதான் வெளிச்சம் மங்கல். சீட் பெல்ட்டும் மாட்டுங்க, போல்ட்டுக்குப் பின்னால தடிச்ச தகடு குடுத்து. கழட்டின ஒரிஜினல் பார்ட்ஸ் எதையும் பழைய இரும்புக்காரர்கிட்ட போடாதீங்க, நாளைக்குத் தேடி சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடை முழுக்க அலைஞ்சாலும் கிடைக்காது.

கேள்வி: இப்ப பங்க்ல போடுற எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: வண்டி ஓடும், ரப்பர்தான் தாங்காது. பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் சீல் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற ரகமா மாத்திருங்க, ஹோஸ்ல வெடிப்பு விட்டா சூடான இன்ஜின் மேல பெட்ரோல் சொட்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால ரொம்ப நாள் நிறுத்துறதுன்னா டேங்க்ல பெட்ரோல் விட்டு வைக்காதீங்க. டேங்க் ஓட்டையானா அதைக் கழுவாம வெல்டிங்குக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, காலி டேங்க்ல நிக்கிற ஆவிதான் வெடிக்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஓட்டை உடைசலா ஒரு அம்பாசடரை வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தியிருக்கார். வேலை எப்ப முடியும்னு கேட்டா சிரிக்கிறார். மழைக்கு முன்னாடி தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிரலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டாதீங்கம்மா. தரையிலருந்து வர்ற ஈரம் தார்ப்பாய்க்குள்ள மாட்டிக்கிட்டு காரை வேக வைக்கும், மழையில நனையுறதைவிட மோசம். நாலு கம்பு நட்டு மேல மட்டும் ஷீட் போடச் சொல்லுங்க, பக்கமெல்லாம் காத்தாட விடுங்க, டயருக்கு அடியில செங்கல்லோ பலகையோ வைங்க. சைலன்சர் வாயை எலி புகாம துணியால அடைச்சு வைங்க, ஆனா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எடுக்கணும்னு ஸ்டீயரிங்ல ஒரு சீட்டு எழுதி ஒட்டிருங்க, அவர் கண்டிப்பா மறந்துருவார்.