‘உங்கள் ஐ.க்யூ. எவ்வளவு இருக்கும்?’ என்று கேட்டால் ஆண்கள் கூட்டியும் பெண்கள் குறைத்தும் சொல்வார்களாமே, இங்கேயும் அப்படித்தானா?

கேட்டவர் உளவியல் ப்ராஜெக்டுக்காகப் புதுச்சேரியிலும் கடலூரிலும் கல்லூரி மாணவர்களிடம் சர்வே எடுக்கப் போகிறவர்.

அப்படி வரத்தான் வாய்ப்பு அதிகம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருந்த உளவியலாளர் ஏட்ரியன் ஃபர்ன்ஹாம் பல நாடுகளில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்த விஷயம் இது. ஆண்கள் சொல்லும் எண் சராசரியாக 5 புள்ளி போலக் கூட இருக்கும். கணக்கிலும், உருவங்களை மனசுக்குள் திருப்பிப் பார்ப்பதிலும்தான் இடைவெளி பெரிது. மொழி, பிறரோடு பழகுவது என்று வந்தால் கிட்டத்தட்ட காணாமல் போகும். அம்மாவைவிட அப்பாவுக்குக் கூடப் போடுவார்கள். பெற்றோரைக் கேட்டால் மகளைவிட மகனுக்கு. டெஸ்ட் வைத்தாலோ, மொத்த மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இருக்காது.

நம் ஊரில் சர்வே கவிழ்கிற இடம் 100 என்கிற எண். ஐ.க்யூ.வில் 100 என்றால் நட்டநடு. நம் பிள்ளைகளுக்கு 100 என்றால் சென்டம். ‘85’ என்று எழுதுகிறவர் ‘நல்லாவே படிப்பேன்’ என்கிறார். உங்கள் எக்செல் ஷீட்டிலோ அவர் 100 பேரில் 84 பேருக்குப் பின்னால் போய் நிற்பார். ஆகவே மணி வடிவ வளைகோட்டை அரைப் பக்கத்துக்கு அச்சடித்து, 70, 85, 100, 115, 130 ஒவ்வொன்றுக்கும் கீழே ‘100 பேரில் உங்களுக்குப் பின்னால் இத்தனை பேர்’ என்று முறையே 2, 16, 50, 84, 98 போடுங்கள். ‘100 எடுத்தவருக்கு மேலே எத்தனை பேர் இருப்பார்கள்?’ என்று ஒரு சோதனைக் கேள்வியும் வையுங்கள். ‘யாருமில்லை’ என்று பதில் வந்த தாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது வார்த்தை. ‘அறிவு’ வேண்டாம், ‘அறிவிருக்கா?’ என்று திட்டும்போது நாம் ஐ.க்யூ.வையா கேட்கிறோம்? ‘கெட்டிக்காரத்தனம்’ என்றால் காரியம் சாதிப்பதும் ஒட்டிக்கொள்ளும். ‘புத்திக்கூர்மை’ என்று போட்டு, ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

யாரோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி மாணவி பக்கத்து பெஞ்சுப் பெண்களை மனசில் வைத்துச் சொல்வார். கடலூர் பெரியார் கலைக் கல்லூரி மாணவி வகுப்புப் பையன்களையும் சேர்த்து நினைப்பார். அளவுகோலே வேறு. ஜப்பான் மாணவர்கள் சொல்லும் குறைந்த எண்ணை அமெரிக்கர்கள் சொல்லும் எண்ணோடு நேராக வைத்துப் பார்க்கக் கூடாது என்பதும் இதனால்தான். அடக்கமாகச் சொல்லும் பழக்கம் வேறு சேர்ந்துகொள்ளும்.

ஆண்கள் 30, பெண்கள் 30 என்றால் பத்தாது. சொல்லும் எண்களின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 12 அல்லது 13 என்று வைத்தால், 5 புள்ளி இடைவெளியைப் பிடிக்க ஆண்கள் 100, பெண்கள் 100 பேராவது வேண்டும். தாளில் பெயர் கேட்காதீர்கள். ஆணா பெண்ணா என்பதைக் கடைசிப் பக்கத்தில் கேளுங்கள். பக்கத்தில் நண்பன் எட்டிப் பார்த்தால் எண் மாறும், தள்ளித் தள்ளி உட்கார வையுங்கள்.

முடிந்தால் எண்ணை வாங்கிய பிறகு (முன்னால் அல்ல) 60 கேள்வி கொண்ட ராவன் மேட்ரிக்ஸ் என்கிற புத்திக்கூர்மை டெஸ்ட் வையுங்கள். படங்கள்தான், மொழிச் சிக்கல் கிடையாது. வாயால் சொன்ன எண்ணுக்கும் டெஸ்ட் மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.3ஐ ஒட்டித்தான் வரும், பயப்பட வேண்டாம். டெஸ்ட் வைக்காவிட்டால், ‘ஆண்கள் மிகையாக மதிப்பிடுகிறார்கள்’ என்று அறிக்கையில் எழுத முடியாது. பெண்கள் சொல்வதைவிடக் கூடச் சொல்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.