நல்ல சம்பந்தி, பிடிக்காத ஓட்டு

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர் வெள்ளைக்காரர். பிரசவத்துக்காகப் போயிருந்தபோது சம்பந்தி வீட்டார் என்னைத் தாங்கினார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள், இல்லாதவர்களுக்கு அரிசி பருப்பு கொடுக்கிறவர்கள். ஆனால் டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டவர்கள். "முறையில்லாமல் வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பணும். உன்னைச் சொல்லலம்மா, நீ சட்டப்படி வந்தவள்" என்று சம்பந்தி ஒருநாள் மகளிடம் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து, "இவர்களுக்கு மனசாட்சியே இல்லை, நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்" என்கிறாள். மாப்பிள்ளை நடுவில் விழிக்கிறார். இவ்வளவு நல்லவர்கள் எப்படி இப்படி ஓட்டுப் போடுகிறார்கள்? மகளைப் போகச் சொல்லலாமா?
– திருச்சி வாசகி

பதில்: சகோதரி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகளைப் போகச் சொல்லாதீர்கள். போகாதே என்றும் சொல்லாதீர்கள். அந்தப் பேச்சு பட்டது அவளுக்கு. உங்களுக்கு வாய்த்தது நல்ல உபசரிப்பு மட்டும்தான். அதை வைத்து அவள் காயத்தை எடை போட முடியாது.

முதல் கேள்விக்குத்தான் பதில் நீளம். ஜொனாதன் ஹைட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். எது சரி, எது தப்பு என்று முடிவு செய்ய மனிதர்கள் ஒரே ஒரு அளவுகோலை வைத்திருப்பதில்லை என்கிறார்கள். யாருக்கும் துன்பம் வரக்கூடாது என்பது ஒன்று. நியாயம் ஒன்று. அப்புறம் சொந்தக் கூட்டத்துக்கு விசுவாசம், மூத்தவர்களுக்கும் சட்டத்துக்கும் அடங்கி நடப்பது, சில விஷயங்களைப் புனிதமாக வைத்துக் காப்பது. 2009இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, தாராளவாதிகள் முதல் இரண்டையே பெரிதும் நம்புகிறார்கள். பழமைவாதிகள் ஐந்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இடம் கொடுக்கிறார்கள். இன்று தாராளவாதிகள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிப் பக்கம், பழமைவாதிகள் டிரம்ப்பின் குடியரசுக் கட்சிப் பக்கம்.

2018இல் டிரம்ப் அரசு மெக்சிகோ எல்லையில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது. அந்தச் செய்தியில் உங்கள் மகளுக்குக் கண்ணில் பட்டது அழுகிற குழந்தை. சம்பந்திக்குக் கண்ணில் பட்டது, மற்றவர்கள் வரிசையில் நிற்கும்போது வேலி தாண்டி வந்த ஒருவர். அவரைப் பொறுத்தவரை அந்த இடத்தில் சட்டத்தைக் காப்பதுதான் தர்மம். சர்ச்சில் அரிசி கொடுக்கும்போது இருக்கிற அதே ஆள்தான் அப்போதும் பேசுகிறார். மகள் சொல்வதுபோல மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுச் சாவடிக்குப் போனவர் இல்லை.

இதை வைத்து எல்லாவற்றுக்கும் சமாதானம் சொல்லிவிட முடியும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1950களிலும் 60களிலும் தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்குள் விடமாட்டோம் என்று நின்றவர்களில் பலரும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனவர்கள்தான். ஒருவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பது புரிந்துவிட்டால் அவர் நினைப்பது சரியாகிவிடாது. உங்கள் மகள் சம்பந்தியோடு உடன்பட வேண்டியதே இல்லை.

அப்படியானால் ஒரு ஓட்டு இவ்வளவு தூரம் குடும்பத்துக்குள் வருவானேன்? அங்கே கட்சி இப்போது நம் ஊர்ச் சாதி மாதிரி ஆகிவிட்டது. "உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் கல்யாணம் செய்தால் வருத்தப்படுவீர்களா?" என்று 1960இல் கேட்டபோது ஆமாம் என்றவர்கள் 5 சதவீதம் அளவில்தான். 2010இல் அதே மாதிரிக் கேள்விக்குக் குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேரும் ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒருவரும் ஆமாம் என்றார்கள். முன்பு இரண்டு கட்சியிலும் தாராளவாதிகளும் இருந்தார்கள், பழமைவாதிகளும் இருந்தார்கள். 1964இல் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகு, தெற்கத்திய வெள்ளையர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியரசுக் கட்சிப் பக்கம் போனார்கள். 1973இல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் சர்ச் சார்ந்த கூட்டமும் அந்தப் பக்கம் திரண்டது. பெருநகரமும் பல்கலைக்கழகமும் எதிர்ப்பக்கம். இன்று மதம், நிறம், ஊர், படிப்பு எல்லாம் சேர்ந்து ஒரே கோட்டின் இரண்டு பக்கமாக நிற்கின்றன. உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஒப்புதல் தரும் மேலவையான செனட்டிலேயே இந்த மாற்றம் தெரியும். 1986இல் பழமைவாதியான ஸ்கலியா நீதிபதியானபோது அங்கே 98 பேர் ஆதரவு, எதிர்த்தவர் ஒருவருமில்லை. 1993இல் தாராளவாதியான கின்ஸ்பர்க்குக்கு 96 பேர் ஆதரவு, எதிர்ப்பு மூன்றே பேர். தீர்ப்புகளில் கடுமையாக மோதிக்கொண்ட அந்த இருவரும் புத்தாண்டைக் குடும்பத்தோடு சேர்ந்து கொண்டாடிய சிநேகிதர்கள். 2020இல் பழமைவாதியான ஏமி பேரட் நீதிபதியானபோது 52க்கு 48. ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டுகூட விழவில்லை.

நிறம், ஊர் என்று சொன்னேன், ஆனால் விதிவிலக்குகள் நிறைய. அதே ஒஹாயோவில் பிறந்த விவேக் ராமசாமி பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றவர்.

உங்கள் சம்பந்தியையும் மொத்தமாக ஒரு கட்சிக் கொடியாகப் பார்க்க வேண்டாம். 2023 நவம்பரில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்று ஒஹாயோவில் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 57 சதவீதம் பேர் சேர்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷமே அந்த மாநிலம் டிரம்ப்பைத் தாராளமாக ஜெயிக்க வைத்தது. இரண்டுக்கும் ஓட்டுப் போட்டவர்கள் பலர் இருந்தால்தான் இந்தக் கணக்கு வரும். எதிர்க்கட்சிக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தீவிரமான கருத்துக்காரர்கள் என்று அமெரிக்கர்கள் நினைக்கிறார்கள், நிஜத்தில் 30 சதவீதம் அளவில்தான் என்று 2019இல் ஒரு ஆய்வு சொன்னது. செய்தியை அதிகம் பார்க்கிறவர்களுடைய கணிப்புத்தான் அதிகம் தப்பாக இருந்ததாம். சம்பந்தி வீட்டு டி.வி.யும் உங்கள் மகளின் போனும் ராத்திரி பத்து மணிக்கு மேல் அணைந்திருந்தாலே பாதிப் பிரச்சினை குறையும் என்பது என் சொந்தக் கருத்து.

சரி, என்ன செய்வது? அப்பாவிடம் பேச வேண்டியவர் மாப்பிள்ளை. அவர் நடுவில் விழித்துக்கொண்டிருப்பது சரியில்லை. "அப்பா, நீங்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால், உன்னைச் சொல்லவில்லை என்று சொன்னதே அவளைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டது" என்று மகன் சொன்னால் அது குடும்பப் பேச்சு. மருமகள் சொன்னால் அரசியல் சண்டை ஆகிவிடும்.

மகள் பேச விரும்பினால், "உங்களுக்கு இரக்கமே இல்லையா" என்று தொடங்க வேண்டாம். எதிராளியின் அளவுகோலிலேயே பேசினால் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று மேத்யூ ஃபைன்பெர்க், ராப் வில்லர் இருவரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சம்பந்தியின் அளவுகோல் சட்டமும் வரிசையும் தானே? அவளுடைய அலுவலகத்திலேயே உதாரணம் இருக்கும். வேலை வழியாக வரும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் வருஷத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. அதனால் எல்லா விதியையும் மதித்து நடந்த இந்தியர்கள் பத்து வருஷத்துக்கு மேலும் வரிசையில் நிற்கிறார்கள். அப்புறம், 2025 ஜனவரி 20ஆம் தேதி டிரம்ப் போட்ட பிறப்புரிமைக் குடியுரிமை ஆணை. தாய் தற்காலிக விசாவில் சட்டப்படியே இருந்தாலும், தந்தை குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ இல்லையென்றால் அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது அது. நீதிமன்றங்கள் தடுத்தன என்பது வேறு விஷயம். அப்பா அமெரிக்கர் என்பதால் உங்கள் பேரக்குழந்தைக்கு அந்தக் கவலை இல்லை. மகளின் சிநேகிதிகளுக்கு இருந்திருக்கும். முறையாக வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிற மனிதரிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

ஒரே பேச்சில் அவர் மனம் மாறிவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். 2016 தேர்தலுக்குப் பிறகு, பில் டோஹர்ட்டி என்ற குடும்ப ஆலோசகர் ஒஹாயோவின் சிறிய ஊர் ஒன்றில் இரண்டு கட்சி ஆட்களையும் உட்கார வைத்துப் பேச வைத்தார். பிரேவர் ஏஞ்சல்ஸ் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. அங்கே யாரும் யாரையும் மாற்ற முயலக் கூடாது. "எங்களைப் பற்றி அவர்கள் தப்பாக என்ன நினைக்கிறார்கள், அதில் எவ்வளவு உண்மை" என்று ஒவ்வொரு தரப்பும் தன்னையே கேட்டுச் சொல்ல வேண்டும். இதை உங்கள் சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடத்தச் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் மகளும் தங்களுக்குள் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

நீங்கள் இங்கிருந்து தூது போகாதீர்கள். சம்பந்தியம்மாவுக்கு வழக்கம்போல போன் செய்யுங்கள், குழந்தையைப் பற்றிப் பேசுங்கள். மகள் சார்பில் மன்னிப்பும் கேட்க வேண்டாம், விளக்கமும் கொடுக்க வேண்டாம்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு ராத்தங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2016இல், வேறு கட்சிச் செல்வாக்குள்ள பகுதிக்கு விருந்துக்குப் போனவர்கள் மற்றவர்களைவிட 30 முதல் 50 நிமிடம் முன்னதாகவே எழுந்து வந்துவிட்டார்கள் என்று செல்போன் இருப்பிடத் தகவலை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். மகளும் மத்தியானம் போய்ச் சாப்பிட்டுவிட்டு, டி.வி. செய்தி தொடங்குமுன் கிளம்பிவிடலாம். அதற்கும் மனசில்லையா, இந்த வருஷம் மாப்பிள்ளை மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வரட்டும். அடுத்த மாதமே கிறிஸ்துமஸ் வருகிறது.