கேள்வி–பதில்: மந்தோவானி வயலின்களின் எதிரொலி

கேள்வி: மந்தோவானி இசைக்குழுவின் 'சார்மெய்ன்' (1951) கேட்டேன். வயலின்கள் பெரிய தேவாலயத்துக்குள் எதிரொலிப்பதுபோல் இருக்கிறதே, ஏதாவது கருவியின் வேலையா?

பதில்: எதிரொலிக் கருவியே இல்லை, எல்லாம் இசைத்தாளில் எழுதியது. அப்படிக் கோத்து எழுதியவர் ரொனால்ட் பின்ஜ். இங்கிலாந்தின் டெர்பியில் 1910இல் பிறந்தவர், முதலில் சினிமா தியேட்டரில் ஆர்கன் வாசித்தார். பிறகு மந்தோவானிக்கு இசைக்கோப்பாளர், அதாவது மெட்டை எந்த வாத்தியம் எப்படி வாசிக்க வேண்டும் என்று எழுதித் தருபவர்.

உத்தி இதுதான்: வயலின்களைப் பல குழுக்களாகப் பிரிக்க வேண்டும். நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்டின் முதல் ஸ்வரத்தை முதல் குழு வாசித்து அப்படியே நீட்டும். அடுத்த ஸ்வரம் இரண்டாம் குழுவுக்கு, அதற்கடுத்தது மூன்றாவதுக்கு. ஆக, முழு மெட்டு யார் தாளிலும் இருக்காது. கேட்பவர் காதில்தான் அது சேரும். தனியாக ஒரு குழுவை வாசிக்கச் சொன்னால் பாட்டே பிடிபடாது!

நீட்டல் குறைந்தால் எதிரொலி போய்விடும். கார்டு (chord, ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறிய பிறகும் நீட்டினால் பழைய ஸ்வரம் புதியதோடு முட்டும். ஒரு குழு மட்டும் சத்தமாக வாசித்தால் மெட்டில் ஓட்டை விழும். ஏற்கெனவே எதிரொலிக்கும் கூடத்தில் வாசித்தால் எல்லாம் குழைந்துபோகும்.

கேள்வி: அவர் சொந்தமாக எதுவும் எழுதவில்லையா?

பதில்: எழுதினார். 1951இல் எழுதிய ஒரு மெட்டுக்கு, பிரிட்டனின் ராணி இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறியதும் 'எலிசபெத்தன் செரனேட்' என்று பெயர் மாற்றினார். 1963இன் 'செய்லிங் பை' பிபிசி ரேடியோ 4இல் நள்ளிரவுக்குப் பின் வரும் கப்பல் வானிலை அறிக்கைக்கு முன்னால் ஒலிப்பது. தூக்கத்தோடு கேட்க இதைவிடப் பொருத்தமான வால்ட்ஸ் (மூன்று தட்டு நடன இசை) கிடையாது.