ஃப்ளூவைக் கண்டுபிடிக்க பிசிஆர் இருக்கும்போது மரபணு வரிசையாக்கம் எதற்கு? வீண் செலவுதானே?

வீண் இல்லை. இதையே என் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் ஏதோ ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறீர்கள், சீக்வென்சர் (மரபணு எழுத்துகளை வரிசையாக வாசிக்கும் மெஷின்) வாங்குவதா வேண்டாமா என்று மேலிடத்தில் பேச்சு ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஒருவருக்கு ஃப்ளூ இருக்கிறதா இல்லையா என்று சொல்ல, வைரஸ் மரபணுவின் ஒரு சிறு பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை தாராளமாகப் போதும். சில மணி நேரத்தில் முடிவு வரும், செலவும் குறைவு. ஆனால் பிசிஆர் தொடுவது வைரஸின் ஓர் ஓரத்தில் சில நூறு எழுத்துகளுக்குள்தான். ஃப்ளூ வைரஸின் முக்கிய வகையான இன்ஃப்ளூயன்சா ஏ-யின் முழு மரபணுத் தொகுதி எட்டுத் துண்டுகளாக ஏறத்தாழ 13,500 எழுத்துகள். மற்ற இடங்களில் என்ன மாறியிருக்கிறது என்று பிசிஆரால் சொல்ல முடியாது.

இதற்கு நாங்கள் செய்யும் ‘குறிவைத்த’ வரிசையாக்கம் என்பது சாம்பிளில் உள்ள அத்தனையையும் வாசிப்பதல்ல. மூக்குச் சளியில் பெரும்பகுதி நோயாளியின் சொந்த ஆர்என்ஏதான். அதை வாசித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இன்ஃப்ளூயன்சா ஏ-யில் எட்டுத் துண்டுகளுக்கும் ஒரு நுனியில் 12 எழுத்தும் மறு நுனியில் 13 எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அந்த நுனிகளைப் பிடிக்கும் ப்ரைமர்களை (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துணுக்குகளை) போட்டால் ஒரே குழாயில் எட்டும் பெருகிவிடும். 2009-லிருந்தே புழக்கத்தில் இருக்கும் முறை இது. எச்1என்1 போல எந்த உட்பிரிவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதுமில்லை. இன்ஃப்ளூயன்சா பி-க்கு மட்டும் வேறு ப்ரைமர்கள்.

இனி என் அனுபவம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்த ஒரு நோயாளி, எச்1என்1. ஓசெல்டமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தும் பிசிஆர் நெகட்டிவ் ஆகவில்லை. ஏறிக்கொண்டிருந்த சிடி எண் (வைரஸ் தென்பட பிசிஆர் எத்தனை சுற்று ஓட வேண்டியிருந்தது என்பது; வைரஸ் அதிகமானால் எண் குறையும்) ஒரு கட்டத்துக்குப் பிறகு திரும்ப இறங்கியது. அதாவது வைரஸ் மறுபடி கூடுகிறது. எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பு, அப்படித்தான் இழுக்கும், இதற்கெல்லாம் வரிசையாக்கத்துக்கான கிட்டைச் செலவழிக்காதே என்றார் பொறுப்பில் இருந்தவர். முதல் நாள் சாம்பிள் எங்கள் ஃப்ரீசரில் பத்திரமாக இருந்தது. அதையும் கடைசிச் சாம்பிளையும் நெகட்டிவ் கன்ட்ரோலோடு (கலப்படம் நடந்தால் காட்டிக்கொடுக்கும், வைரஸ் இல்லாத குழாயோடு) ஒரே ரன்னில் போட வேண்டும் என்று விடாமல் கேட்டு அனுமதி வாங்கினேன்.

ஓசெல்டமிவிர் குறிவைக்கும் நியூராமினிடேஸ் புரதத்துக்கான துண்டில் 275-ஆம் அமினோ அமில இடம். முதல் சாம்பிளின் ரீட்ஸ் (மெஷின் வாசித்த துணுக்குகள்) எல்லாவற்றிலும் ஹிஸ்டிடின். கடைசிச் சாம்பிளில் பாதிக்கு மேல் டைரோசின். எச்275ஒய் (எச் ஹிஸ்டிடின், ஒய் டைரோசின்) என்று இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த மாற்றம். ஓசெல்டமிவிர் அதற்குப் பிறகு சரியாகப் பிடிக்காது. கலப்படமாக இருக்கும் என்றார்கள். ஆர்என்ஏ பிரிப்பதிலிருந்து திரும்பச் செய்தோம், அதே முடிவு. மருத்துவர் மருந்தை ஸனாமிவிர் என்ற இன்னொரு ஃப்ளூ மருந்துக்கு மாற்றினார். இந்த மாற்றம் இருந்தாலும் அது வேலை செய்யும்.

நோயாளி தேறினார். சீக்வென்சிங்கால்தான் தேறினார் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் அவருடைய வெள்ளை அணுக்களும் ஏறத் தொடங்கியிருந்தன. ஆனால் பலன் தராத மருந்தை ஊற்றிக்கொண்டிருப்பதை நிறுத்தினோம். அது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

‘எச்275ஒய்-க்கென்றே தனி பிசிஆர் இருக்கிறதே’ என்று யாராவது கீழே எழுதுவீர்கள். இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்தால்தான் அது உதவும். பலோக்சவிர் என்ற வேறொரு ஃப்ளூ மருந்தைக் கொடுத்திருந்தால் பார்க்க வேண்டியது பிஏ என்ற வேறு துண்டில் 38-ஆம் இடம். எட்டுத் துண்டையும் வாசித்தவருக்கு இரண்டும் ஒரே ரன்னில் கிடைத்துவிடும். 2007–08 குளிர்காலத்தில் இதே எச்275ஒய், மருந்தே எடுக்காதவர்களிடம் நார்வே உள்ளிட்ட நாடுகளில் தென்பட்டது. அடுத்த பருவத்தில் உலகம் முழுக்கச் சுற்றிய எச்1என்1 ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான் இருந்தது. கண்காணிப்பு இல்லாதிருந்தால் மருத்துவர்கள் பழைய மாத்திரையையே நம்பிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மாடுகளின் கதையையும் பாருங்கள். 2024 மார்ச்சில் அமெரிக்கப் பால் பண்ணைகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. பல மாநிலங்களுக்குப் பரவியது ஒரே ஒரு தடவை பறவையிலிருந்து மாட்டுக்குத் தாவிய வைரஸ்தான் என்று சொன்னது வரிசைதான். 2025 தொடக்கத்தில் நெவாடா மாடுகளிடம் கிடைத்தது வேறு வகை, பறவையிலிருந்து புதிதாக வந்தது. எச்5 பிசிஆர் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கும். மாட்டிலிருந்து மாட்டுக்கா, பறவையிலிருந்து மாட்டுக்கா என்பதைப் பொறுத்து எடுக்க வேண்டிய நடவடிக்கையே மாறும்.

குறைகளும் உண்டு. வைரஸ் குறைவான சாம்பிளில் சிறிய துண்டுகள் நன்றாக வரும். பாலிமரேஸின் (வைரஸ் மரபணுவைப் பிரதியெடுக்கும் நொதியின்) மூன்று பெரிய துண்டுகள் காலை வாரும். சில சமயம் அவற்றின் கவரேஜ் (ஒவ்வோர் இடமும் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்பது) இரு நுனியிலும் மலைபோல் ஏறி நடுவில் படுத்துவிடும். நடுப்பகுதி விடுபட்ட குறை மரபணுக்களுக்கும் நுனிகள் இருப்பதால் ப்ரைமர் அவற்றையும் பெருக்கிவிடுகிறது. வேலை கெட்டுவிட்டது என்று புதியவர்களைத் திட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நோயாளியைப் பற்றிப் பிறகு ஒரு கட்டுரை வந்தது. கிட்டைச் செலவழிக்காதே என்றவர் பெயர் அதில் இருக்கிறது. ராத்திரி உட்கார்ந்து லைப்ரரி (மெஷினில் போடத் தயாரான டிஎன்ஏ கலவை) தயாரித்த ஒப்பந்த ஊழியர் பெயர் நன்றி சொல்லும் வரியில்கூட இல்லை. தரவு வங்கியில் ஏறும் ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் இப்படி ஒருவர் இருக்கிறார். கேட்டால், அது அவர்கள் வேலைதானே என்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மெஷினை இப்போதே வாங்க வேண்டியதில்லை. சிடி 30-க்குக் கீழே இருக்கும் சாம்பிள்களை, முக்கியமாக மருந்து கொடுத்தும் விடாத நோயாளிகளுடையதை, சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். உருக்கி உருக்கி உறைய வைத்தால் பெரிய துண்டுகள்தான் முதலில் போகும். குழாயின் மேல் சாம்பிள் எடுத்த தேதி கட்டாயம் இருக்க வேண்டும். சீக்வென்சர் உள்ள ஆய்வகம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு அனுப்பத் தொடங்குங்கள். ஒரு பருவம் இப்படி ஓடினாலே மெஷின் தேவையா என்பது உங்கள் மேலிடத்துக்குத் தெரிந்துவிடும்.