புது வருடத்தில் விசுவாசத்தோடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுவது எப்படி?

"ஒவ்வொரு வருடமும் பெரிய தீர்மானங்கள் எடுக்கிறேன், பிப்ரவரிக்குள் விட்டுவிடுகிறேன். ஒரு கிறிஸ்தவனாக, தினமும் சின்னச் சின்னதாக முன்னேற வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிப்ரவரி வரை போகிறீர்களே, பரவாயில்லை. நான் பல வருடம் ஜனவரி 28-ஐத் தாண்டியதில்லை.

அந்தத் தேதிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க நாளொன்றுக்கு மூன்றேகால் அதிகாரம் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. இரண்டும் முடிந்து ஜனவரி 28 வாக்கில் லேவியராகமம் வந்து நிற்கும். ஆபிரகாம், யோசேப்பு, செங்கடல் என்று கதையாக ஓடிக்கொண்டிருந்தது ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கும். சர்வாங்க தகனபலி, போஜனபலி, கொழுப்பு, குண்டிக்காய் என்று வந்ததும் படுத்துவிடும்.

ஒரு வருடம் அப்படிப் படுத்து, 14 அதிகாரம் பாக்கி விழுந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் தீர்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். வாசிப்பு அட்டவணை பக்கத்தில், டிக் போடப் பேனா கையில். லேவியராகமம் பதின்மூன்றாம் அதிகாரம், குஷ்டரோகம் பற்றிய விதிகள், 59 வசனம். கண் மட்டும் வரிகளில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஏதோ கேட்டாள். "பைபிள் படிச்சிட்டிருக்கேன், கண்ணு தெரியல?" என்று கத்தினேன். அவள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். நான் மீதியையும் முடித்து, வரிசையாக 14 டிக் போட்டுவிட்டுப் படுத்தேன். ஆவிக்குரிய முன்னேற்றம்!

அடுத்த வருடம் யாத்திராகமம் 16-ஐ வாசித்தபோதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற ஆகாரம் விழுந்த அதிகாரம். ஞாயிறு பள்ளியில் கேட்ட நாளிலிருந்து தெரிந்த கதைதான். தலைக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்குப் பொறுக்க வேண்டும். மறுநாளைக்கென்று எடுத்து வைத்தால் பூச்சி பிடித்து நாறும். ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் பொறுக்கிய இரட்டைப் பங்கு மட்டும் கெடாது. நாற்பது வருடம் இப்படித்தான் ஓடியது. சேர்த்து வைக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நேற்றைய பாக்கியை இன்று வசூலிப்பது என்ற பேச்சே அங்கே இல்லை என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. நான் எடுத்த தீர்மானங்கள் எல்லாமே ஒரு வருடத்து மன்னாவை ஜனவரி முதல் தேதியிலேயே மூட்டை கட்டும் முயற்சிகள்தான்.

சுவிசேஷம் எழுதிய லூக்காவுக்கு இந்த "அன்றன்று" மேல் ஒரு பிரியம் உண்டு போல. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ஆகாரத்தை "அன்றன்றும் எங்களுக்குத் தாரும்" என்று எழுதுவது அவர்தான். சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றச் சொல்லும் வசனம் மத்தேயுவிலும் மாற்குவிலும் இருக்கிறது. "அநுதினமும்" என்ற சொல்லைச் சேர்ப்பது லூக்கா மட்டும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். நான் கத்தோலிக்கன் அல்ல. ஆனாலும் எனக்கு உதவியது 16-ம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கம். பத்துக் குறைகளையும் ஒரே நாளில் திருத்தக் கிளம்பாதே, ஒன்றை மட்டும் எடு என்கிறார். காலையில் எழுந்ததும் அந்த ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை, எத்தனை தடவை விழுந்தோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு கோடு, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு குறிப்பு: விழுந்த அந்த நொடியிலேயே கையை நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். பத்துப் பேர் நடுவில் செய்தாலும் யாருக்கும் தெரியாது.

நான் எடுத்த ஒன்று, வீட்டில் குரலை உயர்த்துவது. வெளியே எல்லோரிடமும் தன்மையாகப் பேசுகிறவன் நான். வாசலைத் தாண்டி உள்ளே வந்தால்தான் குரல் ஏறும். சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டு வாங்கினேன். காலை ஜெபம் சங்கீதம் 141-ல் ஒரே வசனம்: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்." புதிதாக நேரம் ஒதுக்கவில்லை. பல் துலக்கி முடித்ததும் அதைச் சொல்வேன், அவ்வளவுதான். தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கப் போகிறேன் என்று கிளம்பியிருந்தால் அதுவும் ஜனவரி 28-ல் படுத்திருக்கும்.

முதல் இரண்டு வாரம் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. நான் அதிகமாகக் கத்தவில்லை. கத்துவதை அப்போதுதான் கவனிக்க ஆரம்பித்திருந்தேன். இந்தக் கட்டத்தில் விட்டுவிடாதீர்கள், எல்லோரும் விடுவது இங்கேதான்.

பிறகு மெல்லக் குறைந்தது. ஒரு வாரம் முழுக்கப் புள்ளியே இல்லை. பெருமையாக மனைவியிடம் நோட்டைக் காட்டினேன். அவள் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க இப்ப கத்துறதில்ல, உண்மைதான். பேசுறதே இல்லையே."

அது சரியான அடி. பாவத்தை விடுவதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன், அந்த இடத்தில் எதை வைப்பது என்று யோசிக்கவே இல்லை. பவுல் எழுதிய எபேசியர் நிருபத்தின் நாலாம் அதிகாரத்தைப் பாருங்கள். திருடினவன் இனித் திருடாதிருக்கட்டும் என்று சொல்லிப் பவுல் நிறுத்துவதில்லை. உழைத்து, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கட்டும் என்கிறார். அடுத்த வசனத்தில் கெட்ட வார்த்தை வேண்டாம் என்றவர், கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமான நல்ல வார்த்தையைப் பேசச் சொல்கிறார். அதற்குப் பிறகு என் நோட்டில் இரண்டாவது கோடு நல்ல வார்த்தைக்கானது. மகள் பேச வந்தால் கையில் இருப்பதை, அது வேதாகமமாகவே இருந்தாலும், மூடி வைத்துவிட்டுக் கேட்பது. இரண்டு நிமிடக் காரியம். புள்ளியைக் குறைப்பதைவிட இது கடினம் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் வருட முடிவில் 37 மடங்கு ஆகிவிடலாம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். கணக்கு சரிதான், ஆனால் மனம் வட்டிக் கணக்கில் வளர்வதாக எனக்குத் தெரியவில்லை. "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று பவுலே எழுதியிருக்கிறார். நம் கதை மட்டும் நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகுமா? அதனால் விழுகிற நாளை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அவருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்ற வசனத்தைப் புது வருட வாழ்த்துகளில் பார்த்திருப்பீர்கள். அது வருவது புலம்பல் புத்தகத்தின் நடுவில், எருசலேம் அழிந்து கிடக்கும் நேரத்தில். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒருவர் சொன்னதல்ல. நம் முன்னேற்றத்தைக் காட்டி வாங்குகிற இரக்கம் என்றால் எனக்குக் கிடைத்திருக்காது. ஏற்கெனவே கிடைத்துவிட்டதால்தான் மறுநாள் காலையில் நோட்டைத் திறக்கவே தைரியம் வருகிறது.

வேத வாசிப்பிலும் இப்போது பாக்கி வைப்பதில்லை. விட்டது விட்டதுதான், இன்றைய தேதிக்கு என்ன இருக்கிறதோ அதைத் திறக்கிறேன். இன்றும் பலர் பின்பற்றும் ஒரு வருட வாசிப்புத் திட்டத்தை 1842 முடியும் நேரத்தில் தன் சபையாருக்காக எழுதியவர் ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மரே மெக்செய்ன். திட்டத்தைக் கொடுக்கும்போதே அதிலுள்ள ஆபத்துகளையும் அவர் எழுதியிருக்கிறார்: வெறும் சடங்காகிவிடலாம், வாசித்ததை வைத்தே சுயநீதி வரலாம், அக்கறையில்லாமல் வாசிக்கலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். என் 14 டிக்கில் இந்த நாலும் இருந்தன. அடுத்த மார்ச்சில், 29 வயதில், அவர் காய்ச்சலில் இறந்துபோனார். தான் போட்ட அட்டவணையில் மூன்று மாதம்கூட அவருக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

முழு வேதாகமம் மலைப்பாக இருந்தால் நீதிமொழிகளிலிருந்து ஆரம்பியுங்கள். 31 அதிகாரங்கள், தேதிக்கு ஒன்று, நாலு நாள் விட்டாலும் அன்றைய தேதியைப் பார்த்துத் திறந்தால் போதும். அதே எபேசியர் நாலாம் அதிகாரத்தில் வரும் "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்பதை அப்படியே ஒரு விதியாக வைத்துக்கொள்ளலாம். மன்னிப்பு கேட்க வேண்டியவரிடம் அன்றைக்கே கேட்டுவிட்டுப் படுப்பது. நான் பெரும்பாலும் அஸ்தமனத்தைத் தவறவிட்டு, விளக்கணைக்கும் நேரத்தில்தான் கேட்கிறேன்.

இன்னொன்று, எடுத்த காரியத்தை யாராவது ஒருவரிடம் சொல்லிவையுங்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது யாக்கோபின் நிருபம். சபை முழுவதற்கும் சாட்சி சொல்ல வேண்டாம், ஒருவர் போதும். அவர் உங்களுக்குப் பயப்படாதவராக இருந்தால் நல்லது.

எனக்கு அந்த ஒருவர் மகள்தான். நேற்று இரவு வந்து, "அப்பா, இன்னைக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டாள். மூன்று என்றேன். "காலையில செருப்பத் தேடும்போது ஒண்ணு விட்டுட்டீங்க" என்றாள். யோசித்துப் பார்த்தேன். பேனாவை அவளே எடுத்துக் கொடுத்தாள்.