ஒரே சுவிட்சில் இருந்தும் பிங் செல்லாதது ஏன்?

கிளிநொச்சியில் நீங்கள் பயிலும் கணினி அறையில், 192.168.1.20, 192.168.1.70 என்னும் முகவரிகளை உடைய இரு கணினிகள் ஒரே சுவிட்சில் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் கருவி) இணைந்திருந்தும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிங் (மற்றக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) செல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேபிளைச் சந்தேகிக்கும் முன், நீங்கள் இட்டிருக்கும் 255.255.255.192 என்ற சப்நெட் மாஸ்க்கைப் பாருங்கள். முகவரியின் எப்பகுதி வலையமைப்பையும் எப்பகுதி கணினியையும் குறிக்கிறது என்று காட்டுவது அது.

அதன் கடைசி எண்ணான 192 என்பது இரும எண்ணில் 11000000 ஆகும். அதன் முதல் இரண்டு பிட்டுகள் வலையமைப்புக்கும் எஞ்சிய ஆறும் கணினிக்கும் உரியவை என்பதால், முகவரிகள் 64 முகவரிகள் கொண்ட பிரிவுகளாகப் பிரிந்து, கடைசி எண் 20 ஆனது 0–63 பிரிவிலும் 70 ஆனது 64–127 பிரிவிலும் விழுகின்றன. ஆகவே முதற்கணினி, மற்றது வேறொரு வலையமைப்பில் இருப்பதாகக் கருதி, அதன் மாக் முகவரியை (வலையமைப்பு அட்டைக்குரிய வன்பொருள் முகவரி) ஏஆர்பி என்னும் வினவல் முறை மூலம் நேரே கேட்காமல், அனுப்பும் தரவுப் பொதியை, வேறு வலையமைப்புகளுக்கு வழிவிடும் கேட்வேயிடம் ஒப்படைக்க முயல்கிறது. நீங்களோ கேட்வேயை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள்.

70ஐ 30 ஆக மாற்றுங்கள், அல்லது இரண்டிலும் 255.255.255.0 என்று இடுங்கள். அதன் பின்னும் பதில் வராவிடின் விண்டோஸ் பயர்வோலைக் கவனியுங்கள். உள்வரும் பிங்கை அது இயல்பாகவே தடுப்பதுண்டு.

வலையமைப்புத் தொடர்பை விளக்கும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை மனனம் செய்வது பரீட்சைக்கு உதவும் என்றாலும், அதற்கு முன் /25 முதல் /30 வரையான (வலையமைப்புக்குரிய பிட்டுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும்) பிரிப்புகளைக் கையால் போட்டுப் பழகுவதே நல்லது என்பது என் எண்ணம். ஒட்டுசுட்டானில் உங்கள் வீட்டில் இணையம் சீராக இல்லை என்கிறீர்கள். இதற்குக் கொப்பியும் பேனையும் போதும்.