ராத்திரியில் அப்பா கதவைத் திறக்கிறார்: எந்த சென்சார் வாங்குவது?

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, மறதி நோய். இரண்டு முறை நடுராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விட்டார். எங்கள் வாசலில் பழைய இரட்டை மரக்கதவு, அதற்கு வெளியே இரும்பு கிரில் கேட். கேட்டில் வைஃபை கதவு சென்சார் ஒன்றை ஒட்டினேன். இரண்டே மாதத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது. கேட் மூடியிருக்கும்போதே ‘திறந்திருக்கிறது’ என்று போனுக்குச் செய்தி வருகிறது. வேறு வாங்க வேண்டுமா? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையும் இருக்கிறது.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் தேவைக்குப் போன் செய்தி மட்டும் போதாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் சைலன்ட்டில் கிடக்கலாம், நெட் போயிருக்கலாம். அப்பா கதவைத் திறக்கும் அதே நொடியில் உங்கள் தலைமாட்டில் ஏதாவது ஒலிக்க வேண்டும். அதனால் கதவில் ஒரு சென்சார், அறையில் ஒரு மணி என்று ஜோடியாக வரும், நெட் தேவைப்படாத வகையைப் பாருங்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். அலறும் சைரன் வேண்டாம்; மறதி நோய் உள்ளவர் அந்தச் சத்தத்தில் மிரண்டுபோவார். மணியை ஹாலில் வைக்காமல் உங்கள் அறையிலேயே வையுங்கள். பிளக்கில் செருகும் வகை என்றால், அந்த பிளக் இன்வர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று மெயினை அணைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது இருக்கும் சென்சாருக்கு வருவோம். அது கெட்டுப்போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஒட்டிய இடம்தான் தவறு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயும், அதற்குள் மெல்லிய இரண்டு இரும்புத் தகடுகளும்தான். காந்தம் பக்கத்தில் வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். கேட்டின் இரும்பு, காந்தத்தின் இழுவையைத் தன் பக்கம் திருப்பிவிடும். வைஃபை சிக்னலையும் அது குறைக்கும். சென்சாரைக் கழற்றி மேசைமேல் வைத்து, காந்தத் துண்டை அதன் பக்கவாட்டில் மெல்ல நகர்த்திக்கொண்டு வாருங்கள். ஒரு விரல் அகலத்துக்கு வரும்போது விளக்கு மினுக்கினால் சென்சார் நன்றாக இருக்கிறது.

அதை மரக்கதவுக்கு மாற்றுங்கள். அப்பா கேட்டுக்குப் போகுமுன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பது கூடுதல் நன்மை. இரட்டைக் கதவில் முதலில் திறக்கும் கதவின் மேல்பக்கம், கீல் இல்லாத ஓரத்தில் காந்தம். அதற்கு நேராக நிலையில் சென்சார். பழைய வீடுகளில் நிலையும் கதவும் ஒரே மட்டத்தில் இருக்காது. தாழ்ந்த பக்கத்தில் ஒரு பிளைவுட் துண்டை வைத்துச் சமன் செய்யுங்கள். இடைவெளி அரை சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. ஐப்பசி மழையில் மரம் உப்பிக் கதவு சரியாகச் சாத்தாதபோது இந்த இடைவெளிதான் முதலில் கூடும். அப்போது மறுபடி பொய்ச் செய்தி வரும்.

இரட்டைப்பக்க டேப்பை மட்டும் நம்பாதீர்கள். மஞ்சள், எண்ணெய், தூசி படிந்த கதவு நிலையில் அது ஒரு கோடையைத் தாண்டாது. திருகு ஓட்டை இருந்தால் சின்ன ஸ்க்ரூ போடுங்கள். இல்லையென்றால் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அரை நிமிடம் அழுத்திப் பிடித்து ஒட்டுங்கள்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததற்குக் காரணம் வைஃபை. கதவு அசையும்போதெல்லாம் அது தூக்கம் கலைந்து ரௌட்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும். வாசலில் சிக்னல் மந்தமாக இருந்தால் திரும்பத் திரும்ப முயன்று மின்சாரத்தைக் குடித்துவிடும். வைஃபைக்குப் பதில் ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் பேசும் வகை மிகக் குறைவாகவே எடுக்கும், ஆனால் அதன் சிக்னலை வாங்கி நெட்டுக்கு அனுப்பும் ஹப் என்ற பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும். ஒரே ஒரு கதவுக்காக அந்தச் செலவு வேண்டாம் என்பேன். அமெரிக்காவிலிருந்து யாராவது இசட்-வேவ் என்ற இன்னொரு கம்பியில்லா முறை சென்சார் கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள். அங்கே அதன் அலைவரிசை 908 மெகாஹெர்ட்ஸ், இங்கே 865. இரண்டும் பேசிக்கொள்ளாது.

ஆப்பில் தெரியும் பேட்டரி சதவீதத்தை நம்பி இருக்காதீர்கள். 3 வோல்ட் பட்டன் பேட்டரி கடைசிவரை தெம்பாகக் காட்டிவிட்டு சட்டென்று விழும். சார்ஜ் செய்யும் ஏஏஏ பேட்டரி 1.2 வோல்ட்தான் என்பதால் சில சென்சார்கள் அதை ஏற்காது. மூடியின் உள்பக்கம் மாற்றிய தேதியை எழுதிவைத்து, வாரம் ஒருமுறை படுக்கப்போகும் முன் கதவைத் திறந்து மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தை இருப்பதாகச் சொன்னீர்களே, பட்டன் பேட்டரி போடும் வகை என்றால் மூடி ஸ்க்ரூ போட்டதாக இருக்க வேண்டும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் அப்படித்தான். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். கழற்றிய பேட்டரியின் இரண்டு பக்கமும் டேப் சுற்றி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அப்புறம், புதிதாக வாங்கும் மணிக்கு பில் கேட்டு வாங்குங்கள். பழுதான பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மணி வந்து சேரும்வரை ராத்திரியில் கதவைச் சாத்தியதும் தாழ்ப்பாளில் ஒரு சலங்கையைக் கட்டிவையுங்கள். அப்பாவின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றும் இன்றைக்கே இருக்கட்டும்.